ஒற்றை வயரில் லப்டொப்பும் மொனிற்றரும்: மாங்குளத்து வீட்டு மேசையில் நீண்டநாள் அனுபவம்

யூ.எஸ்.பி. சி கேபிள் ஒன்றை லப்டொப்பில் செருகினால் போதும்: மொனிற்றரில் படம் வரும், பற்றரி சார்ஜ் ஏறும், கீபோர்ட், மவுஸ், லான் (வயர் வழி இணையம்) எல்லாம் வேலை செய்யும். இந்த ஏற்பாட்டில் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். இது மூன்றாவது மாரி. என் மொனிற்றர் 27 அங்குலம், லப்டொப்புக்கு 65 வொட் கொடுக்கும் வகை. கொடுத்த காசுக்குப் பெறுமதியான பொருள் என்றே சொல்லுவேன். ஆனால் கரண்ட் நின்று நின்று வரும் வன்னியில் இதைப் பாவிக்கிறவர் சில விடயங்களை வடிவாக விளங்கி வைத்திருக்கவேண்டும்.

கோளாறு வந்தால் "சார்ஜ் ஏறுதில்லை" என்று மட்டும் பார்க்காமல், எது நின்றது, எது இன்னும் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தக் கேபிளுக்குள் மின்சாரத்துக்கு ஒரு பாதை, படத்துக்கும் வேகமான தரவுக்கும் நான்கு சோடி வயர், பழைய யூ.எஸ்.பி. 2.0 தரவுக்குத் தனியாக ஒரு சோடி. இவற்றோடு மெல்லிய வயர் ஒன்றும் இருக்கிறது. எத்தனை வோல்ற் வேண்டும், படம் அனுப்பலாமா என்று லப்டொப்பும் மொனிற்றரும் பேசி முடிவெடுப்பது அதன் வழியாகத்தான். படம் வந்து சார்ஜ் மட்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது; மொனிற்றர் மெனுவையும் வொட் அளவையும் பாருங்கள். சார்ஜ் ஏறிப் படம் இல்லையென்றால் கேபிளில் அந்த நான்கு சோடி இல்லாமல் இருக்கலாம், அல்லது லப்டொப்பின் அந்தத் துவாரம் படம் அனுப்பாத வகையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் பேச்சே தொடங்கவில்லை.

என் அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான். கடையில் தொங்குபவை பெரும்பாலும் போனுக்கானவை. சார்ஜ் ஏற்றும், படம் கொண்டுபோகாது. சாதாரண யூ.எஸ்.பி. சி கேபிள் 3 அம்பியர் வரைதான், அதாவது 20 வோல்றில் 60 வொட். 65 வொட் என்றால் 3.25 அம்பியர் வேண்டும். அதற்கு 5 அம்பியர் தாங்கும், உள்ளே சின்னச் சிப் வைத்த கேபிள் தேவை. அது இல்லாவிட்டால் 60 வொட்டோடு நின்றுவிடும். சில லப்டொப்புகள் 'சார்ஜ் மெதுவாக ஏறுகிறது' என்று காட்டும். பற்றரிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பாரமான வேலை செய்யும்போது சதவீதம் இறங்கலாம். கடையில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணை, போன் சார்ஜ் வயர் வேண்டாம், 100 வொட் தாங்குற, மொனிற்றருக்குப் படமும் போற வயர் தாங்கோ." நீளம் கூடக் கூடப் படம் விட்டுவிட்டு வரும் வாய்ப்பும் கூடும், மேசைக்கு எட்டுகிற நீளம் போதும். 130 வொட் சார்ஜரோடு வந்த கேமிங் லப்டொப் வைத்திருப்பவருக்கு 65 வொட் மொனிற்றர் காணாது. அவர் இந்த ஏற்பாட்டை நம்பி வாங்கவேண்டாம்.

இங்கே அதிகம் தொல்லை தருவது கரண்ட் நின்று வந்த பிறகு வரும் கோளாறு. மொனிற்றரின் லைற் எரியும், லப்டொப் எதையும் காணாது. மாலையில் வோல்ற்றேஜ் குறைவதைப் பலர் காரணமாகச் சொல்லுவார்கள். ஆனால் இப்போதைய மொனிற்றர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும். அதைவிட, கரண்ட் படபடவென்று போய்வரும்போது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் அரைகுறை நிலையில் மாட்டிக்கொள்ளும். பொத்தானை அமத்தி நிப்பாட்டினால் அது தீராது. அப்போதும் உள்ளே கரண்ட் இருக்கும். சுவர்ப் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். லப்டொப்பையும் நிப்பாட்டி, வயர்களைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். பிறகு முதலில் மொனிற்றர், அது முழுதாக எழும்பிய பின் லப்டொப். பெரும்பாலும் இதிலேயே சரிவந்துவிடும்.

மொனிற்றர் தூங்கினால் சார்ஜும் நிற்கும்படி சிலவற்றில் அமைத்திருக்கும். காலையில் பற்றரி வெறுமையாக இருந்தால் மெனுவில் யூ.எஸ்.பி. சி சார்ஜ் பகுதியைத் திறந்து, தூக்கத்திலும் சார்ஜ் கொடுக்கும்படி மாற்றுங்கள்.

யூ.பி.எஸ்.ஸில், அதாவது கரண்ட் நின்றால் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓட்டும் பெட்டியில், மொனிற்றரைச் செருகுவதை நான் விரும்புவதில்லை. தன் தேவைக்கும் எடுத்து, லப்டொப்புக்கும் 65 வொட் கொடுத்தால் சின்ன யூ.பி.எஸ். விரைவில் வற்றிவிடும். லப்டொப்புக்குத்தான் சொந்தப் பற்றரி இருக்கிறதே. யூ.பி.எஸ்.ஸை றவுட்டருக்கு விட்டுவிடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் இணையம் நிற்காமல் வேலை ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை இடி தொடங்கினால் சுவர்ப் பிளக்கை மட்டும் கழற்றுவது காணாது. லான் வயர் வழியாகவும் மின்னல் வரும். மொனிற்றரில் லான் செருகியிருந்தால் அதையும் கழற்றி, லப்டொப்பையும் பிரித்து வையுங்கள்.

வைஃபை பற்றியும் சொல்லவேண்டும். இங்கே இணையம் மெதுவானால் போன் கோபுரத்தைத்தான் குறை சொல்லுவோம். ஆனால் யூ.எஸ்.பி. 3 என்ற வேகமான தரவு வகை ஓடும்போது, வைஃபையும் வயர் இல்லா மவுஸும் பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் இரைச்சல் எழும். சிப் செய்யும் இன்ரெல் கொம்பனி 2012 இலேயே இதை ஆவணப்படுத்தியது. மொனிற்றரின் பின்பக்கம் பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்கோ செருகி, 4ஜி றவுட்டரைப் பக்கத்தில் வைத்தால் வைஃபை தடுமாறும். வயர் இல்லா மவுஸும் விட்டுவிட்டு நகரும். றவுட்டரைத் தள்ளி வையுங்கள், 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள், மவுஸின் சின்ன ரிசீவரை மற்றப் பக்கத் துவாரத்தில் போடுங்கள். மொனிற்றரில் லான் இருந்தால் வயரே நல்லது.

இத்தனையும் பார்த்துச் சரிவராவிட்டால் லப்டொப் கொம்பனியின் தளத்தில் பயோஸ் (லப்டொப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேற் இருக்கிறதா என்று பாருங்கள், யூ.எஸ்.பி. சி சார்ஜ் கோளாறுகளுக்கு அதில் திருத்தம் வருவதுண்டு. அதைப் போடும்போது மொனிற்றரை நம்பாமல், பற்றரியை நன்றாக ஏற்றி, லப்டொப்போடு வந்த சார்ஜரையே சுவரில் செருகுங்கள். அந்தச் சார்ஜரை எக்காரணம் கொண்டும் விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.