"எல்லாம் சிக்லிட்தான், சேர்ந்து வளரும்" என்று சொல்லும் கடையில் மீன் வாங்காதீர்கள்

வீட்டில் பெரிய தொட்டி வைத்து சிக்லிட் என்ற வண்ண மீன் வகைகளை வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை கொளத்தூரில் உள்ள வண்ண மீன் கடைகளில் ஒன்றில் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரை எழுதவில்லை. அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சை எந்த ஊர்க் கடையிலும் நீங்கள் கேட்கக்கூடும். அதைத்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

என் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்; ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். ஃபில்டரை ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கியதைச் சோதித்த பிறகுதான் மீன் வாங்கப் போனேன். எவை எவை ஒன்றாக இருக்கும், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், ஒன்றையொன்று அடிக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாம் சிக்லிட்தான் சார், ஒரே குடும்பம், சேர்ந்து வளரும்" என்றார். ஆஸ்கார் ஒரு ஜோடி, 'மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்' என்று ஒரு பை, மலாவி ஏரியின் பீகாக் மீன்கள் சில, வெள்ளி உடலில் கறுப்புப் புள்ளிகளோடு விரல் நீளத்தில் ஒரு மீன் என்று எடுத்துக் கட்டினார். அந்தக் கடைசி மீனின் பெயரைக் கேட்டேன். "சில்வர் சிக்லிட், ரொம்ப சாது" என்றார்.

ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. கேரளத்தில் வறுத்துத் தின்னும் கரிமீனும், நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதில் அடக்கம். புலியும் வீட்டுப் பூனையும் ஒரே குடும்பம் என்பதால் ஒரு கூண்டில் அடைப்போமா? ஆஸ்கார் அமேசான் பகுதியின் மீன்; மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள நீர் அதற்குப் பழக்கம்; ஓரடி வரை வளரும். கலப்புப் பையில் இருந்தவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழும் எம்புனா மீன்கள், அவற்றுக்கு 7.8 முதல் 8.6 வரை பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) உள்ள கடினநீர் வேண்டும். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை அவை. ஆஸ்காரோ கிடைத்த சிறு மீனையும் பூச்சியையும் விழுங்குவது. நீரும் ஒத்துப்போகாது, தீனியும் ஒத்துப்போகாது.

அந்த 'சாது'வின் உண்மைப் பெயர் ஜாகுவார் சிக்லிட். நிகரகுவாவின் மனாகுவா ஏரியின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கிய மத்திய அமெரிக்க மீன். ஆண் 40 செ.மீ.க்கு மேலும் வளரும். அசல் வேட்டை மீன். விளக்கணைத்த பிறகு பையோடு வந்த சின்ன மஞ்சள் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உடல் எதுவும் மிதக்கவில்லை. ஃபில்டருக்குள் தேடினேன், தரையில் குதித்து விழுந்திருக்குமோ என்று சோபாவை நகர்த்திப் பார்த்தேன். பிறகு ஒரு காலையில் ஜாகுவாரின் வாயிலிருந்து ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கலப்புப் பையில் வந்த ஆரட்டஸ் செய்த வேலை இன்னும் மோசம். மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டையோடு பார்க்க அழகாக இருக்கும் எம்புனா அது. "எல்லாம் பெண் மீன்கள், சண்டை வராது" என்று கடைக்காரர் உறுதி சொல்லியிருந்தார். குஞ்சாக இருக்கும்போது ஆரட்டஸில் ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சள். ஆண் முதிரும்போதுதான் கறுக்கும். அந்த அளவில் யாராலும் பார்வையால் பிரித்துச் சொல்ல முடியாது. என் தொட்டியில் ஒன்று கறுத்தது. அன்று முதல் பாதித் தொட்டி அதற்குச் சொந்தம். மெதுவாக நீந்தும் ஆஸ்கார்களின் விலாவில் செதில் உரிந்தது, துடுப்புகள் கந்தலாகின. பீகாக்குகள் நீல நிறம் வெளுத்து, மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டி நின்றன. தீனி போட்டாலும் இறங்கி வரவில்லை. இரண்டு அப்படியே இறந்தன. என் மகள் பெயர் வைத்து வளர்த்தவை அவை.

தீனியிலும் ஏமாற்று நடந்தது. எல்லா மீனுக்கும் ஒன்றே போதும் என்று உறைந்த ரத்தப்புழுவை விற்றார். பாசி தின்னும் எம்புனாக்களுக்குப் புழுவே தீனியானால் வயிறு உப்பும் நோய் எளிதில் வரும், வந்தது. ஆப்பிரிக்க மீனுக்கு என்று கல்லுப்பு ஒரு பொட்டலம் கொடுத்தார். கல்லுப்பு பிஎச்சையும் உயர்த்தாது, கடினத்தன்மையையும் உயர்த்தாது.

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை. திரும்பப் போனபோது கடையை நிதானமாகப் பார்த்தேன். ஆஸ்கார்கள் ஒரு தொட்டியில், எம்புனாக்கள் வேறு தொட்டியில், பீகாக்குகள் தனியே. ஜாகுவார்களுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார். சேர்ந்து வளரும் என்றால் தன் கடையில் ஏன் சேர்த்து வைக்கவில்லை? கேட்டேன். "உங்கள் தண்ணீர் சரியில்லை சார்" என்றார். சோதனை முடிவைக் காட்டினேன். "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்றார். ஜாகுவாரையாவது திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்துக்கொண்டார், ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அடுத்த வாரம் அவ்வழியாகப் போன நண்பர், அதே கடையில் வளர்ந்த ஜாகுவார் ஒன்று நான் வாங்கிய விலையைப் போல நான்கு மடங்குக்கு விற்பனையில் இருந்ததாகச் சொன்னார்.

ஆகவே கடையில் முதலில் அறிவியல் பெயரைக் கேளுங்கள். எந்த ஏரி, எந்த ஆறு என்று கேளுங்கள். "மிக்ஸ்டு" என்று சொல்லும் பையை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். ஆரட்டஸ் போன்ற முரடுகள் அதில்தான் கழித்துத் தள்ளப்படுகின்றன. ஆஸ்காருக்கு என் அளவுத் தொட்டியில் சில்வர் டாலர் என்ற தட்டை மீன்களின் கூட்டமும், ப்ளீக்கோ என்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தியில் பெரியது ஒன்றும் துணையாக இருக்கலாம்; சில்வர் டாலரின் அகன்ற உடல் வளர்ந்த பிறகு ஆஸ்காரின் வாயில் நுழையாது. மலாவி மீன்தான் வேண்டும் என்றால் அடக்கமான எலக்ட்ரிக் யெல்லோவும் பீகாக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அங்கும் ஓர் ஆணுக்குப் பல பெண்கள் இருக்க வேண்டும். ஒளிய இடம் கொடுக்கும் கற்களும் வேண்டும். ஜாகுவார், ரெட் டெவில், வாஸ்து மீன் என்று விற்கும் ஃபிளவர்ஹார்ன் ஆகியவற்றைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். என் பக்கம் உள்ள பலவீனம் ரசீதுதான். "வண்ண மீன்கள்" என்ற ஒற்றை வரியும் மொத்தத் தொகையும் மட்டுமே அதில் இருக்கின்றன. நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மீனின் பெயரையும் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.