சி டிரைவைப் பெரிதாக்க: டிஸ்க் மேனேஜ்மென்ட்டா, ஜிபார்ட்டெட்டா?

சி டிரைவ் நிரம்பி வழிகிறது, பக்கத்திலேயே டி டிரைவ் பாதி காலியாகக் கிடக்கிறது. வீட்டுக் கணினியில் பார்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில்) கைவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பணம் செலவழிக்காத வழிகள் இரண்டு: விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட், யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து ஓட்டும் ஜிபார்ட்டெட். நான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத்தான் எடுத்தேன். இன்னொரு முறை செய்தாலும் அதையே எடுப்பேன்.

வசதிகளை மட்டும் பார்த்தால் ஜிபார்ட்டெட் முன்னால் நிற்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ஃபேட்32, லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆகிய ஃபைல் சிஸ்டங்களில் (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறைகள்) இருக்கும் பார்டிஷன்களைச் சுருக்கும், விரிக்கும், இடம் மாற்றும். என்னென்ன செய்யப்போகிறது என்று முதலில் படமாகக் காட்டிவிட்டு, 'அப்ளை' கொடுத்த பிறகுதான் டிஸ்க்கைத் தொடும். டிஸ்க் மேனேஜ்மென்ட் வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை என்டிஎஃப்எஸ்ஸோடு சரி. பார்டிஷனை இடம் மாற்றவே அதற்குத் தெரியாது. சரி, அப்புறம் ஏன் அது?

பார்டிஷனின் முடிவை நகர்த்துவது வேறு, தொடக்கத்தை நகர்த்துவது வேறு. முடிவை வலப்பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் கோப்பு எதுவும் அசையாது. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு மட்டும் மாறும். சில நொடி வேலை. முடிவை உள்ளே இழுத்தால், கடைசிப் பகுதியில் கிடக்கும் கோப்புகள் மட்டும் முன்னால் போகும். தொடக்கத்தை நகர்த்தினால் கதையே வேறு. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்பதை ஃபைல் சிஸ்டம் பார்டிஷனின் தொடக்கத்திலிருந்துதான் எண்ணி வைத்திருக்கிறது. ஆகவே தொடக்கம் நகர்ந்தால் எல்லாமே நகர வேண்டும்.

சி விரிவதற்கு அதன் வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் வேண்டும். ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு வலப்பக்கம் போய் விழும். சி-யை ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். பலரும் ஜிபார்ட்டெட் பக்கம் திரும்புவது இந்த இடத்தில்தான்.

ஜிபார்ட்டெட் டி-யைச் சுருக்கி, மொத்தமாக வலப்பக்கம் நகர்த்திக் கொடுக்கும். நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுருக்கிய பிறகு டி 500 ஜிபி என்றும், ஹார்ட் டிஸ்க்கின் வேகம் நொடிக்கு 100 எம்பி என்றும் வைத்தால், படிக்க 5,000 நொடி, அதே டிஸ்க்கில் எழுத இன்னொரு 5,000 நொடி. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் குறைந்தபட்சம். எஸ்எஸ்டியில் வெகுவாகக் குறையும். ஆனால் நடுவில் மின்சாரம் போனால், பாதித் தகவல் பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. அதனால் ஜிபார்ட்டெட்டைத் தொடும் முன் டி முழுவதையும் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

பேக்கப் கையில் இருக்கிறது என்றால் நகர்த்துவது எதற்கு? டி-யை அழித்துவிட்டு, சி-யை விரித்து, மீதியில் புது டி உருவாக்கி, கோப்புகளைத் திருப்பி நகல் எடுக்கலாம். நகல் நடுவில் நின்றால் மறுபடி தொடங்கினால் போதும். பேக்கப்பில் எதுவும் மாறியிருக்காது. ஒன்று மட்டும் கவனம்: டி-யை அழித்த நொடியிலிருந்து அந்த பேக்கப்தான் ஒரே பிரதி. அழிக்கும் முன் கோப்புகளைத் திறந்து பாருங்கள். குடும்பப் படங்கள் மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றுக்கு இன்னொரு பிரதியும் இருக்கட்டும். டி-யில் நிறுவிய மென்பொருள்களை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு திரும்ப நிறுவுங்கள். டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை டி-க்கு மாற்றி வைத்திருந்தால், புது டிரைவுக்கும் டி என்ற எழுத்தையே கொடுங்கள்.

சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெக்கவரி பார்டிஷன் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் பகுதி) உட்கார்ந்திருந்தால் மட்டும் என் பேச்சு மாறும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை அழிக்கவும் விடாது, நகர்த்தவும் விடாது. பெரும்பாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கும் பார்டிஷன் என்பதால், டி-யை அழித்த பிறகு ஜிபார்ட்டெட்டில் அதை வலப்பக்கம் தள்ளுவது சின்ன வேலை. விண்டோஸ் அதன் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கும். நகர்த்திய பிறகு ரெக்கவரி வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் என் அனுபவம் குறைவு.

பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டிய டிரைவை ஜிபார்ட்டெட்டால் சுருக்கவோ விரிக்கவோ முடியாது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் முடியும். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும் என்பதால் முதலில் பார்த்துவிடுங்கள். ஜிபார்ட்டெட்டைத்தான் எடுப்பது என்றால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் சி டிரைவ் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதைத் தொடக்கூடாது.

லினக்ஸில் என் ஓட்டு ஜிபார்ட்டெட்டுக்குத்தான். இஎக்ஸ்டி4 பயன்பாட்டில் இருக்கும்போதே விரியும், ஆனால் சுருக்க வேண்டுமானால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். ரூட் பார்டிஷனை (லினக்ஸ் நிறுவப்பட்டிருக்கும் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அப்படிச் செய்ய முடியாததால், யுஎஸ்பியிலிருந்து பூட் செய்வதுதான் நேர் வழி. உங்கள் பார்டிஷன் எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டம்) என்றால் ஜிபார்ட்டெட்டாலும் சுருக்க முடியாது. அங்கேயும் பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.