எம்எல்ஏவிடம் ஊர்க்குறையைச் சொல்ல எந்த வழி நல்லது?

எங்கள் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கேட்டு எம்எல்ஏ அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். அடுத்த முறை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினோம். அதற்குப் பிறகு யாரும் எங்களைத் தட்டிக்கழிக்கவில்லை.

போன், வாட்ஸ்அப் வேகமானவை. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, மின்கம்பி அறுந்து கிடக்கிறது என்றால் போட்டோவும் இடமும் அனுப்பிவிடுங்கள். ஆனால் போன் பெரும்பாலும் பி.ஏ. கையில்தான் இருக்கும், சாயங்காலத்துக்குள் உங்கள் செய்திக்கு மேல் இன்னும் பல செய்திகள் வந்து குவிந்துவிடும். நாள்பட்ட கோரிக்கைக்கு இது போதாது.

நேரில் போவதுதான் என் கட்சி. தனியாகப் போகாமல் தெருவில் பத்துப் பேராவது சேர்ந்து போங்கள். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் அவர் சென்னையில் இருப்பார் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மனுவில் 'ஆவன செய்யுமாறு' என்று பொதுவாக முடிக்காமல், 'தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து' என்று நிதியின் பெயரையே எழுதுங்கள். அந்த நிதி 2019-20இல் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. வகுப்பறை, தொட்டி, ரேஷன் கடைக் கட்டடம் என்று தொகுதி முழுக்க அதிலிருந்துதான் கேட்பார்கள். அதனால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே கேட்பது நல்லது.

எம்பியிடம் போகலாமா? ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலை என்றால் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு எம்பிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். தெருச் சாக்கடையை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது கவுன்சிலர் வேலை. பட்டா, முதியோர் உதவித்தொகைக்குத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு: சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினைகளை இந்தக் குழு எடுத்துக்கொள்ளும். மாவட்டங்களுக்கு நேரில் வந்து அதிகாரிகளை வைத்துக்கொண்டே விசாரிக்கும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினைதான் இருக்க வேண்டும். கோர்ட்டில் வழக்கு இருந்தால் ஏற்க மாட்டார்கள். மெதுவான வழிதான், ஆனாலும் ஒரு துறை பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் அது.

எங்கள் சீல் போட்ட பிரதி ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது. தொட்டிக்கு இடம் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை தொடங்காவிட்டால், அதே கவரோடு அடுத்த மாதம் மறுபடியும் போவோம்.