3,500 கிலோ இழுக்கும் என்று சொல்லி விற்றார்கள்: கேரவன் இழுக்க எஸ்.யு.வி. வாங்குவோர் கவனத்துக்கு

பெரிய எஸ்.யு.வி. ஒன்றை வாங்கி, பின்னால் கேரவனோ படகு ட்ரெய்லரோ பூட்டிக் குடும்பத்தோடு கிளம்பத் திட்டமிட்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே ஓர் எண்ணைச் சொல்லி எங்களிடம் வண்டியை விற்றார்கள். அந்த எண்ணுக்குப் பொருந்தாத கொக்கியை அவர்களே மாட்டியும் கொடுத்தார்கள்.

நான் கேட்டது தெளிவான கேள்வி. ஐந்து பேர் உட்காருவோம், பின்னால் சாமான்கள் இருக்கும், அப்படியானால் எவ்வளவு எடையுள்ள கேரவனை இழுக்கலாம்? "3,500 கிலோ சார், கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம்" என்றார் விற்பனையாளர். விளம்பர ஏட்டிலும் அந்த எண் பெரிதாக அச்சாகியிருந்தது. அது எந்த மாடலுக்கு, எந்தக் கியர் விகிதத்துக்கு, எத்தனை பேர் ஏறினால் பொருந்தும் என்பதெல்லாம் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் கிடந்தன. ஆலையிலேயே பொருத்தப்படும் இழுவைத் தொகுப்போடு, அதாவது எஞ்சின், கியர் சூட்டைத் தணிக்கும் கூடுதல் குளிர்விப்பானும் கனமான கொக்கியும் கொண்டு, வரும் மாடலுக்குத்தான் அந்த 3,500. எங்களுக்கு விற்றது அந்தத் தொகுப்பு இல்லாத வண்டி. பிறகு அவர்களே மாட்டிய கொக்கியின் தகட்டில் 2,500 கிலோ என்று பொறித்திருக்கிறது. வண்டி, கொக்கி, அதன் மேல் உட்காரும் உருண்டை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

ஆனால் பெரிய ஏமாற்று கொக்கியில் இல்லை. வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். எவ்வளவு சுமக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ட்ரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. பொதுவாக அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்முனை வழியாகக் கொக்கியின் மேல் அழுத்துகிறது. அந்தக் கொக்கிப் பாரமும் வண்டிக்குள் ஏற்றிய சுமையாகவே கணக்காகும். ஆட்கள், சாமான்கள், கொக்கிப் பாரம் எல்லாம் சேர்ந்து வண்டியின் மொத்த எடை வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் உள்ள வில்லையிலோ தகட்டிலோ இருக்கும்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். மொத்த எடை வரம்பு 3,300 கிலோ. டேங்கை நிரப்பி, ஐவரும் ஏறி, சாமான்களையும் வைத்து எடைமேடையில் நிறுத்தினால் 3,100 கிலோ. மீதம் 200 கிலோ. கொக்கிப் பாரம் 10 சதவீதம் என்றால் 2,000 கிலோ கேரவன்; 13 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,540 கிலோதான். ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்தால் எட்டக்கூடிய எண்ணை, ஐந்து பேர் என்று சொல்லிக் கேட்ட குடும்பத்திடம் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனை விதிமுறையிலேயே இத்தகைய வண்டிகளுக்கு ஓட்டுநரும் ஒரு பயணியும், ஆளுக்கு 68 கிலோ என்றுதான் வைத்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் ஏறிய உடனே விளம்பர எண் குறையத் தொடங்கிவிடுகிறது.

கேரவன் விற்றவரும் தன் பங்குக்கு ஏமாற்றினார். அவர் சொன்ன 2,200 கிலோ வெறும் கூட்டின் எடை. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர், அதாவது 150 கிலோ. எரிவாயு உருளைகள், கூடுதல் பேட்டரி, வெயில் மறைப்பு, பாத்திரங்கள், படுக்கைகள் எல்லாம் ஏறிய பிறகு எடைமேடை காட்டியது 2,620. கொக்கியின் வரம்பையும் தாண்டியாயிற்று. கேரவனைப் பூட்டியபின் வண்டியின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 3,440 வந்தது. முன்பு வந்த 3,100-ஐக் கழித்தால் கொக்கிப் பாரம் 340 கிலோ. உங்கள் கொக்கிப் பாரத்தையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். எடையைப் பங்கிடும் கம்பிகள் உள்ள கொக்கியானால் அவற்றைத் தளர்த்திவிட்டு நிறுத்துங்கள். இறுக்கினால் பாரம் மற்ற அச்சுகளுக்கு நகர்ந்து எண் குறைவாகக் காட்டும்.

எடைமேடைக்குப் போக வைத்தது முதல் பயணம். பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ஸ்டியரிங் லேசாகிவிட்டது, காரணம் முன்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை. ஒரு லாரி கடந்து போன காற்றில் கேரவன் இருபுறமும் ஆட, வண்டியின் வால் அதோடு சேர்ந்து ஆடியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இத்தனை எண்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது கிடைத்த பதில்தான் என்னை எழுத வைத்தது. "சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் தள்ளி வையுங்கள், கொக்கிப் பாரம் குறைந்துவிடும்" என்றார் அதே விற்பனையாளர். குறையும், உண்மைதான். ஆனால் 10 சதவீதத்துக்குக் கீழே போகப் போக ட்ரெய்லர் பாம்புபோல் நெளியும் ஆபத்து கூடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அந்த ஆட்டம் பெருகினால் ஓட்டுபவரால் அடக்க முடியாமல் வண்டியே கவிழலாம். எடை வரம்பைத் தாண்டியிருப்பதாகப் புகார் சொன்னவரிடம் கொடுக்கக்கூடிய மிக மோசமான ஆலோசனை அது. யாராவது உங்களிடம் இதைச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அவர்கள் பணிமனையில் இன்னொரு தீர்வும் சொன்னார்கள்: பின்புற ஸ்பிரிங்கோடு காற்றுப் பைகள் மாட்டினால் திறன் கூடிவிடும். கூடாது. காற்றுப் பைகள் தாழ்ந்த பின்பகுதியை உயர்த்தும், அவ்வளவே. அச்சு, டயர், பிரேக், சட்டகம் எதுவும் மாறுவதில்லை. தகட்டில் உள்ள வரம்பும் மாறுவதில்லை. தாழ்வு கண்ணுக்குத் தெரியாமல் போவதால் பாரம் போய்விட்டதாக நம்பிவிடுவோம் என்பதுதான் கூடுதல் கவலை.

இப்போது எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பர ஏட்டின் அடிக்குறிப்பைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. வாய்வார்த்தையாகச் சொன்னதற்குப் பொறுப்பேற்க முடியாதாம். கேரவன் ஓரமாக நிற்கிறது, ஐவரையும் ஏற்றிக்கொண்டு அதைப் பூட்டுவதாக இல்லை.

நீங்கள் வாங்கப் போகும் அதே வண்டியின் கதவுத்தூண் வில்லையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் மேற்கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரங்கள், மூன்றாம் வரிசை இருக்கை என்று எது கூடினாலும் சுமக்கும் அளவு குறைகிறது. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அது பல வண்டிகளில் இரண்டின் வரம்புகளையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவு. கேரவனுக்கு வெறும் எடையைக் கேட்காமல், ஏற்றிய நிலையில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைக் கேளுங்கள். பிறகு உங்கள் ஆட்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, இவ்வளவு இழுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.