ஆர்எக்ஸ் 100-இல் மோனோஷாக்: நான்கு ஆண்டு ஓட்டியபின் எழுதுவது

சித்தப்பா 1996-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 என் கைக்கு வந்தபோது, அதன் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து, ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த தெரு வரை ஆடிக்கொண்டே போகும் நிலையில் இருந்தன. புதிய ஜோடி வாங்கிப் போட்டிருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும். நானோ அவை இரண்டையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒற்றை ஷாக் (அதுதான் மோனோஷாக்) வைத்து, அதற்கேற்ப வண்டியின் சட்டமான சேஸியையும் மாற்றித் தரும்படி 2017-இல் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். 18,000 ரூபாயும் ஏழு வாரமும் ஆயின. அதன்பின் 2021 வரை, வாரத்தில் மூன்று நாள் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வந்தது அந்த வண்டியில்தான். மொத்தம் சுமார் 23,000 கிலோமீட்டர் ஓடியது.

இந்த ஆசைக்கு வெறும் தோற்றம் மட்டும் காரணமன்று. பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் தயாரிப்பாளர் பிலிப் வின்சென்ட் 1928-லேயே, பின் சக்கரத்தைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தின் மேல்முனை இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை அழுத்தும்படியான அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பெல்ஜியப் பேராசிரியர் லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் அமைப்பை வாங்கிய யமஹா, 1973-இல் அதைக் கொண்டு 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றது. 1984-இல் வந்த ஹார்லி டேவிட்சனின் சாஃப்டெயில் வண்டி இவற்றைவிட விசித்திரமானது: ஷாக்குகள் கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்துக் கிடக்கும், சக்கரம் மேலே எழும்போது அவை அழுந்துவதற்குப் பதில் இழுபடும். இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போனேன். ஆனால் அவர்கள் அனைவரும் சேஸியையும் ஷாக்கையும் சேர்த்தே சிந்தித்தார்கள் என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

பட்டறையில் செய்தது இதுதான். பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான பழைய ஸ்விங்கார்முக்குப் பதில், மேலே முக்கோணமாகக் குழாய் வைத்த சதுரக் குழாய் ஸ்விங்கார்ம் வந்தது. இருக்கைக்கு அடியில் சேஸியின் இரு பக்கக் குழாய்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் வெல்டிங் செய்யப்பட்டு, ஷாக்கின் மேல்முனை அதில் மாட்டப்பட்டது. பழைய ஷாக் மாட்டும் காதுகளை அறுக்க மட்டும் பட்டறைப் பெரியவர் மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னாளில் நன்றி சொன்னேன்.

முதல் குறை ஸ்பிரிங்கில் தெரிந்தது. போட்டது ஒரு 150 சிசி வண்டியிலிருந்து கழற்றிய ஷாக். அளவுகோல் வைத்துப் பார்த்ததில், என் வண்டியில் சக்கரம் 10 செ.மீ. எழுந்தால் ஷாக் 4 செ.மீ. அழுந்தியது, அதாவது விகிதம் 2.5. சக்கரத்தில் உணரப்படும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. ஷாக் பிறந்த வண்டியில் விகிதம் கிட்டத்தட்ட 3 என்பதால், அங்கே 9-ஆல் வகுபட்ட அதே ஸ்பிரிங் என் வண்டியில் 6.25-ஆல் மட்டுமே வகுபட்டது. ஆக 44 சதவீதம் கூடுதல் கடினம். போதாக்குறைக்கு ஆர்எக்ஸ் நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையே கொண்டது. வழியில் உள்ள கிருமாம்பாக்கம் வேகத்தடைகளில் பின் சக்கரம் தரையை விட்டே எழுந்தது. பின்னால் உட்கார்ந்த மனைவி இரண்டாம் நாளே, "இதுக்குப் பஸ்ஸே மேலுங்க" என்று சொல்லிவிட்டார். மெல்லிய கம்பியில் வேறு ஸ்பிரிங் சுற்றி வாங்கிப் போட்டபின்தான் நிலைமை பாதியளவு தேறியது.

இரண்டாவது குறையை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. ஷாக் வந்து உட்கார்ந்த இடம் ஏர் ஃபில்டர் பெட்டி இருந்த இடம். அதை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் வாயில் நேராக ஒரு சிறு ஃபில்டரை மாட்டியதால், காற்று அதிகமாகி, ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பு போல வெளுத்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரைப் பிடித்துக்கொள்வதற்கான முன்னறிவிப்பு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டுச் சரிசெய்தாலும், மழைக்காலத்தில் ஃபில்டர் நனைந்து வண்டி திணறுவதை நிறுத்த முடியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். முக்கோண ஸ்விங்கார்ம் பக்கவாட்டில் சற்றும் முறுக்கிக்கொள்ளவில்லை. நல்ல சாலையில், தனியாக, அறுபது எழுபதில் வளைவில் சாய்த்தால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தை ஒட்டியே வந்தது. பழைய ஸ்விங்கார்மில் நான் அதை உணர்ந்ததே இல்லை.

பதினான்காம் மாதம், சுமார் 8,000 கிலோமீட்டரில், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது குறுக்குக் குழாயின் வெல்டிங் ஓரத்தில், பெயின்ட்டின் மேல் பழுப்பு நூல் ஒட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. நெய்வேலியில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா, அது விரிசல்தானா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துக் காட்டினார். இரண்டு அங்குல நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஊறி வந்தது. "தம்பி, வெல்டிங் விடல. அதுக்குப் பக்கத்துல சூடு பட்ட பைப்புதான் விட்டிருக்கு" என்றார். பின் சக்கரத்தின் மேல் 100 கிலோ இறங்கினால், முன்சொன்ன 2.5 விகிதத்தின்படி அந்த ஒரே இடத்தில் 250 கிலோ ஏறுகிறது, குழியில் விழுந்தால் அதைப் போலப் பல மடங்கு. முன்பு இரண்டு காதுகள் பகிர்ந்துகொண்ட, அதுவும் பெருகாத சுமை அது. அரசிலை வடிவில் தகடு வெட்டி, சுமை குழாயின் நீளத்துக்குப் பரவும்படி அவரே பற்றவைத்தார். அது கடைசி வரை தாங்கியது. ஷாக்குக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் தொடக்கத்திலேயே அந்தத் தகடுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின்னும் இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. விபத்து ஏதும் நேர்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது. 2021-இல் ஆர்சி புதுப்பிக்கும் நேரம் வந்ததும், குறுக்குக் குழாயை அறுத்தெடுத்து, பழைய ஸ்விங்கார்மையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திரும்ப மாட்டி, அறுக்கப்படாமல் தப்பிய அந்தக் காதுகளில் புதிய ஜோடி ஷாக்கைப் பூட்டினேன். வளைவில் அந்தப் பழைய நெளிவு திரும்பிவிட்டது. அது ஒன்றுதான் இழப்பு. கிருமாம்பாக்கம் வேகத்தடை வரும்போது மனைவி இப்போது என் தோளைப் பிடிப்பதில்லை.