பேப்பர் கிராஃப்ட்டுக்கு மைதா பசையா, ஃபெவிக்காலா?

கொலுவுக்கு பழைய நியூஸ்பேப்பர்ல கூடை, குட்டித் தேர், கோபுரம்னு பண்றவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான். நான் இப்போ ஃபெவிக்கால் கட்சி, அதனால கொஞ்சம் சாய்ஞ்சுதான் எழுதுவேன்.

செலவுன்னு பாத்தா மைதாதான். ஒரு கை மாவ பச்சத்தண்ணில கட்டியில்லாம கரைச்சு சிம்ல வச்சு கிண்டிட்டே இருந்தா வெள்ளை போய் பளபளன்னு வரும், இறக்கிடலாம். குட்டீஸ் கைய வாயில வச்சாலும் பயமில்ல. பேப்பர் மேல பேப்பரா ஒட்டற வேலைக்கு நல்லா விறைப்பா காயும்.

ஆனா காயணுமே, அதான் மேட்டர். கொலு முடிஞ்ச கையோட சென்னைல மழை ஆரம்பிச்சிடும், பொம்மையெல்லாம் பெட்டில போட்டு பரண்ல ஏத்தறதும் அப்போதான். மைதா எவ்ளோ காய்ஞ்சாலும் மாவுதானே, ஈரக்காத்து பட்டா பூஞ்சை, இல்லன்னா கரப்பானும், பேப்பர் அரிக்கற ராமபாணப் பூச்சியும் வந்து சாப்பிட்டுட்டு போகும். அடுத்த வருஷம் பெட்டிய திறந்தா ஒரு புளிச்ச வாடை, பெயிண்ட் அப்படியே இருக்கும், பசை தடவின ஓரத்த மட்டும் நூல் பிடிச்ச மாதிரி அரிச்சிருக்கும். போஸ்டர் ஒட்டறவங்க பசைல மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பாங்க, பூச்சி வராது, ஆனா அது விஷம், குழந்தைங்க இருக்கற வீட்ல வேணவே வேணாம்.

ஃபெவிக்கால்ல மாவே கிடையாது, அதனால பசைக்காக பூச்சி வராது. பேப்பருக்காக ராமபாணம் வரலாம், அது வேற கதை. பேப்பர குழலா சுத்தற வேலைக்கு செலவும் பெருசா ஆகாது, ஈர்க்குச்சிய மூலைல வச்சு சாய்வா உருட்டிட்டே போய் கடைசி முனைல ஒரு சொட்டு வச்சா போதும். ஒரே குறை, தண்ணி பட்டா இதுவும் இளகிடும், மேல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சிடுங்க. ரொம்ப வருஷம் தாங்குமான்னா உறுதியா சொல்ல மாட்டேன், என்கிட்ட இருக்கறதுல பழசே போன கொலுவுக்கு பண்ணதுதான்.

காகிதக்கூழ் பொம்மை பண்றீங்கன்னா மட்டும் கணக்கு மாறும், கூழுக்கு பசை நிறைய இழுக்கும். அதுக்கு மைதால கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்துக்கறவங்களும் இருக்காங்க, ஆனா மாவு மாவுதான், பூச்சி பயம் போகாது. ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரி மார்க் வாங்கினதும் தூக்கிப்போடற ஐட்டம்னா மைதாவே போதும், எதுக்கு வீணா காசு.