ஒப்டோலொங் எல்-எக்ஸ்ட்ரீம்: கொழும்பு மொட்டை மாடிக்கு ஏற்ற ஃபில்டரா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியின் உச்சியில் தொலைநோக்கி வைப்பவருக்கு வெளிச்சம்தான் பெரிய எதிரியாகத் தெரியும். தாமரைக் கோபுரத்தின் பக்கம் திரும்பினால் பால்வீதி இருந்த தடமே இல்லை. ஆனால் வெளிச்சத்துக்கு மருந்து உண்டு. முகிலுக்குத்தான் மருந்தில்லை. நெபுலா எனும் விண்வெளி வாயுத் திரள்களைப் படமெடுக்க உதவும் எல்-எக்ஸ்ட்ரீம் ஃபில்டரைக் கொழும்புக்குப் பரிந்துரைக்க முதற் காரணம் இதுவே: வானம் இரண்டு மணி நேரம் திறந்தால், அந்த இரண்டு மணி நேரமும் அவற்றின் ஐதரசன் ஒளியும் ஒட்சிசன் ஒளியும் ஒரே படத்தில் சேர்ந்து விழும். கறுப்பு-வெள்ளைக் கமராவும் மூன்று தனி ஃபில்டர்களும் வைத்திருப்பவர் ஐதரசனை முடித்து ஒட்சிசனுக்கு மாறும் நேரம் பார்த்துக் கடற்பக்கமிருந்து முகில் ஏறினால், கையில் மிஞ்சுவது பாதிப் படம். தரத்தில் அந்த முறைதான் மேல், மறுப்பில்லை. தெளிந்த இரவுகளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஊருக்கு அது இரண்டாம் கட்டம்.

ஃபில்டர் இரண்டு சாளரங்களை மட்டும் திறக்கிறது: 656.3 நனோமீற்றரில் ஐதரசன்-அல்பா, 500.7இல் இரட்டை அயனாக்கிய ஒட்சிசன். ஒவ்வொன்றின் அகலமும் 7 நனோமீற்றர். 658.4இல் உள்ள நைதரசன் கோடும் சிவப்புச் சாளரத்துக்குள் அகப்படும். கோள் நெபுலாக்களுக்கு அது இலாபம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் 589 முழுக்க வெட்டுப்படும். வெள்ளை எல்ஈடி தெருவிளக்கு அப்படியில்லை. அதன் ஒளி நீலம் முதல் சிவப்பு வரை விரிந்து கிடப்பதால் இரண்டு சாளரங்களுக்குள்ளும் கொஞ்சம் கசியும், பச்சை-நீலப் பக்கத்தில் கூடுதலாக. அதனால்தான் நகரத்துப் படங்களில் ஒட்சிசன் எப்போதும் மெலிந்து, இரைச்சலுடன் வருகிறது. அதைப் பார்த்து ஃபில்டர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்.

2 அங்குலப் பதிப்பு வெளிநாட்டுக் கடைகளில் 300 அமெரிக்க டொலர் அளவில் விற்கிறது. அதன் மேல் கூரியர் கட்டணம், சுங்கம், 18 வீத வற் வரி. 1.25 அங்குலம் மலிவு. ஐஎம்எக்ஸ் 533 போன்ற சிறிய சதுர உணரிக்கு அது போதும். நாளைக்குப் பெரிய உணரி கொண்ட ஏபிஎஸ்-சி கமராவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 2 அங்குலம் எடுங்கள், மூலை இருளாது. வந்ததும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று: இருண்ட அறையில் எல்ஈடி குமிழின் ஒளியைப் பழைய சீடி தட்டில் தெறிக்க விட்டு, அந்த நிறமாலையை ஃபில்டர் ஊடாகப் பாருங்கள். வானவில் மறைந்து ஒரு பச்சை-நீலக் கீற்றும் ஒரு சிவப்புக் கீற்றும் மட்டும் தெரிய வேண்டும்.

கமராவைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். மாற்றம் செய்யாத டீஎஸ்எல்ஆரில் இந்த ஃபில்டரைப் போடுவது காசை வீணாக்குவது. உள்ளே இருக்கும் தொழிற்சாலைக் கண்ணாடி ஐதரசன்-அல்பாவில் கால்பங்கு அளவையே விடும். அதோடு கொழும்பின் 27 பாகை இரவில் உணரி இன்னும் சூடாகும். இரைச்சலுக்குக் காரணமான வெப்ப மின்னோட்டம் ஏறத்தாழ 6 பாகைக்கு ஒருமுறை இரட்டிக்கும். குளிரூட்டிய வண்ணக் கமராதான் சரியான சோடி. வெளிவெப்பத்திலிருந்து 35 பாகை இறக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், கூலரை முழு வலுவில் ஓட்டாமல் 0 அல்லது -5இல் நிறுத்துங்கள். வருடம் முழுக்க ஒரே வெப்பநிலை பிடிப்பதால் டார்க் படங்களை (இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுப்பவை) ஒருமுறை எடுத்து வைத்து மீண்டும் மீண்டும் பாவிக்கலாம். வண்ண உணரியில் ஐதரசன் சிவப்புப் பிக்சலில், அதாவது நான்கில் ஒன்றில் மட்டுமே விழும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எஃப் 5 (குவியத் தூரம் விட்டத்தின் 5 மடங்கு) தொலைநோக்கி, 533 கமரா, கெய்ன் (உணர்வுப் பெருக்கம்) 100 என்றால் படமொன்றுக்கு 180 செக்கன் நல்ல தொடக்கம். 300 செக்கன் பாவிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு முகில் துண்டு கடந்தால் கழிப்பது 3 நிமிடமா 5 நிமிடமா என்பது இங்கே உண்மையான கணக்கு. லகூன் நெபுலா போன்ற பிரகாசமானவற்றுக்கு மொத்தம் 2 முதல் 3 மணி நேரம் போதும். மங்கலான சுப்பர்நோவா எச்சங்களுக்கு 10 மணி நேரம் கூடக் குறைவு. ஃபோகஸை ஃபில்டர் போட்ட பிறகே பிடிக்க வேண்டும்: பாதினோவ் முகமூடி (ஃபோகஸ் பார்க்கத் தொலைநோக்கியின் முன்னால் மாட்டும் கீற்றுத் தட்டு), பிரகாசமான நட்சத்திரம், 5 முதல் 10 செக்கன். மலிவான இரட்டை வில்லைத் தொலைநோக்கியில் சிவப்பும் பச்சை-நீலமும் ஒரே இடத்தில் குவியாது, எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வரும். கொழும்பின் ஒரே கருணை, இரவு முழுக்க வெப்பநிலை இரண்டு மூன்று பாகைக்கு மேல் இறங்காது, ஃபோகஸ் அவ்வளவாக நகராது. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து ஓட்டத்தைத் திருத்தும் கைடு தொலைநோக்கியைத் தனியாக வையுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் கைடு கமரா இருந்தால் நட்சத்திரமே கிடைக்காது.

பலர் ஃபில்டரைக் குறை சொல்லும் இடத்தில் உண்மைக் குற்றவாளி மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு. கொழும்பு 6.9 பாகை வடக்கில் இருப்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகையில் நிற்கும். வெள்ளவத்தையிலிருந்து அந்தத் திசையில் இருப்பது முழு நகரமும் அதன் புகைமூட்டமும். அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்த வேண்டிய மத்தியரேகை மவுண்டுகள் பலவற்றின் அகலக்கோட்டு அளவு 10 பாகையில் நின்றுவிடும். மீதி 3 பாகைக்கு முக்காலியின் வடக்குக் காலைக் குறுக்க வேண்டும், கால்களுக்கிடையே ஒரு மீற்றருக்கு 5 செ.மீ. என்ற கணக்கில். எடைத் தண்டு முக்காலிக் காலில் முட்டும். இடையில் மவுண்டை உயர்த்தும் பியர் நீட்டி ஒன்று போட்டால் தீரும். துருவ ஒழுங்குக்கு நைனா மென்பொருளின் மூன்று-புள்ளி முறையோ ஏசியெயார் கட்டுப்பாட்டுக் கருவியின் முறையோ போதும், துருவ நட்சத்திரம் தெரியத் தேவையில்லை. இந்த ஃபில்டர் ஊடாகப் பிளேட்-சோல்வ் செய்ய (படத்து நட்சத்திரங்களை வைத்துத் திசையை அறிய) 2 செக்கன் போதாது. 6 முதல் 8 கொடுங்கள்.

குறைகள். அல்நிடாக் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். எல்-எக்ஸ்ட்ரீமின் பேர்போன பலவீனம் அது. உணரியில் பட்டுத் திரும்பும் ஒளி ஃபில்டரில் மோதி மறுபடி வருவதால் உண்டாகும் வட்டத்தின் விட்டம், இரண்டுக்கும் இடையிலான தூரத்தின் இருமடங்கை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 20 மி.மீ. தூரம், எஃப் 5 என்றால் 8 மி.மீ. ஃபில்டரைத் தள்ளி வைத்தால் வட்டம் பெருத்து மங்கும், கிட்ட வைத்தால் சுருங்கிக் கடுமையாகும். அல்நிடாக்கின் அருகே இருக்கும் குதிரைத்தலை நெபுலாவைக் குறி வைத்திருப்பவர் இதை யோசித்தே வாங்க வேண்டும். அடுத்தது வேகமான, அதாவது எஃப் எண் குறைந்த தொலைநோக்கி. ஒளி சரிந்து நுழையும்போது சாளரம் நீலப் பக்கம் நகரும். எஃப் 4இல் கூம்பின் விளிம்புக் கதிருக்கு அது ஒரு நனோமீற்றரைச் சற்றுத் தாண்டும், 7 நனோமீற்றர் அகலம் அதைத் தாங்கும். எஃப் 2இல் 5க்குக் கிட்டப் போய் ஐதரசன் வெளியே விழுந்துவிடும். அதற்கென்று தனி எஃப் 2 பதிப்பு விற்கிறார்கள். ஃபில்டர் கண்ணாடி தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு பின்தூரத்தை (கடைசி வில்லையிலிருந்து உணரி வரை வைக்க வேண்டிய இடைவெளி) கூட்டும் என்பதால் 55 மி.மீ.க்குப் பதில் 55.5 முதல் 55.7 வரை வைத்துப் பாருங்கள். மெல்லிய வளையம் ஒன்று போதும்.

பிளாட் படங்களை (மூலை இருளைத் திருத்தச் சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) ஃபில்டரோடுதான் எடுக்க வேண்டும். எல்ஈடி பலகையில் ஆழ்சிவப்பு குறைவு, எனவே சிவப்புச் சனல் மிகவும் தாழ்ந்து நிற்கும். வெளிச்சத்தைக் குறைத்து 2 முதல் 4 செக்கன் வரை நீட்டி 25 படங்கள் எடுங்கள். செக்கனுக்குக் குறைந்தால் பலகையின் துடிப்பு பட்டை பட்டையாக விழும். கணினி வேலைக்குக் காசு தேவையில்லை. சிரில் என்ற இலவச மென்பொருளில் ஐதரசன்-ஒட்சிசன் பிரிக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரித்த இரண்டையும் தனித்தனியே கிராக்ஸ்பேர்ட் மென்பொருளில் போட்டு நகர வெளிச்சத்தின் சரிவை நீக்குங்கள். சேர்த்த பிறகு நீக்கப் போனால் மெல்லிய ஒட்சிசனும் சேர்ந்து போய்விடும். பிறகு சிவப்புக்கு ஐதரசன், பச்சைக்கும் நீலத்துக்கும் ஒட்சிசன். நட்சத்திர நிறம் வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றி 30 செக்கன் வீதம் 20 நிமிடம் தனியாக எடுத்து ஒட்டலாம்.

எதை எடுப்பது? தை, மாசியில் திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் ரோசெட் நெபுலா கொழும்பில் ஏறத்தாழ நேர் உச்சியில் கடக்கும். 400 மி.மீ. குவியத்தில் 533 உணரிக்குள் அடங்கும். நகரத்தில் முதற்படத்துக்கு இதைவிட நல்லது இல்லை. பங்குனி, சித்திரையில் கரீனா நெபுலா. ஐரோப்பியர் பார்க்கவே முடியாத பொருள், இங்கே 23 பாகை வரை எழும், பிறகு தென்மேற்கே கடலின் பக்கம் சாயும்போது கீழே தெருவிளக்கே இல்லை. மாலை இடிமழை அடித்து ஓய்ந்த இரவுகளில் காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். லகூன், கழுகு நெபுலாக்கள் உச்சத்துக்கு வரும் காலம் தென்மேல் பருவக்காற்றோடு மோதும். கிடைத்த இடைவெளியில் எடுக்க வேண்டியதுதான். போயா விடுமுறை வசதியாகத் தோன்றும், ஆனால் அன்று முழு நிலவு. ஐதரசன் தாக்குப்பிடிக்கும், ஒட்சிசன் தாக்குப்பிடிக்காது. நிலவிலிருந்து 60 பாகை விலகிய சிவப்பு நெபுலாவாகத் தேர்ந்தெடுங்கள். அந்திரமேதா விண்மீன் மண்டலத்துக்கும் கார்த்திகைக் கூட்டத்தின் நீலத் தூசுக்கும் இந்த ஃபில்டர் உதவாது. அவை எல்லா நிறத்திலும் ஒளிர்வன, ஃபில்டர் அவற்றையும் வெட்டும்.

மாற்று எது? அதே நிறுவனத்தின் எல்-என்ஹான்ஸ் மலிவு, ஆனால் அதன் பச்சை-நீலச் சாளரம் 24 நனோமீற்றர். கொழும்புக்கு அகலம் கூடிப்போய்விட்டது. 3 நனோமீற்றர் எல்-அல்டிமேட்டில் பின்னணி வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கும், விலை கூடும். எஃப் 5 அல்லது அதைவிட மெதுவான தொலைநோக்கியும் கையில் காசும் இருந்தால் அதையே எடுக்கலாம்.

கடைசியாகப் பூஞ்சணம். கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த ஃபில்டரின் பூச்சில் அது படரும், உப்பும் ஒட்டும். டியூ ஹீட்டர் (பனி படியாமல் சூடாக்கும் பட்டி) இல்லாமல் வெளியே எடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் மூடியை உடனே போடாமல், காய விட்டு, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் சிறிய ஈரமானியோடும் வையுங்கள். ஈர அளவு 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் மணிகள் நிறம் மாறினால் மின்சார ஓவனில் 110 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்தித் திரும்பப் போடலாம். உப்புத் துகள் இருந்தால் முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். துணியால் தேய்த்தால் கீறல்தான்.